பிளக் பிடுங்கிய பெட்டியில் அம்மன்

வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ராவிலங்காவுக்குத் தனி பஸ் விட்டார்கள். கூரை மேல் தேங்காய் மூட்டை, உள்ளே பக்தர்கள், படிக்கட்டில் மீதி பக்தர்கள். கோதாவரிக் கரையில் கோயில்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவற்றில் எதற்கும் சேராத கூட்டம் ஒரு பழைய டி.வி. பெட்டிக்குச் சேர்ந்தது.

அந்தப் பெட்டியின் பெருமையே அது ஓடாது என்பதுதான். ஓடுகிற டி.வி. எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதைக் கும்பிட யார் பஸ் ஏறுவார்கள்? இதன் பிளக்கைப் பிடுங்கி, எல்லார் கண்ணுக்கும் படும்படி சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பிளக்கின் மூன்று காலுக்கும் மஞ்சள் குங்குமம். பின்னால் வந்த கேபிள் ஒயரை வெட்டி, வெட்டிய முனையில் சாமந்திப் பூ. திரை கன்னங்கரேலென்று இருக்கும். அந்தக் கறுப்புக்குள்ளிருந்துதான் ஸ்ரீ வஜ்ரமாலினி அம்மவாரு பேசுவாள்.

வஜ்ரமாலினி யாரென்று கேட்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. மூன்று வருடம், அறுநூற்றுப் பன்னிரண்டு எபிசோட், மாலை ஆறரை மணிக்கு அவள் வீட்டுக்கு வீடு வந்து போனாள். இந்தியில் எடுத்து, தெலுங்கில் பேசவைத்த தொடர். ஆறரைக்கு விளக்கேற்றினார்கள், அம்மன் தோன்றினால் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் அணைவதற்குள் விளம்பரம் வந்துவிட்டால் சோப்புக்கும் சேர்த்துக் காட்டினார்கள். தொடர் வருவதற்கு முன் அப்படி ஒரு அம்மன் இருந்ததாக எந்தப் புரோகிதருக்கும் தெரியாது. இருநூறாவது எபிசோடில் எல்லாப் புரோகிதர்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் தொடர் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. ஊரே உறவுக்காரர் செத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரத்தில், கேபிள் பாப்பாராவ் வீட்டு டி.வி. தானாகப் பேசியது.

“குழந்தாய், குழந்தாய், நான் எங்கும் போகவில்லை.”

பாப்பாராவ் இருபது வருடமாக அந்த வட்டாரத்துக்குக் கேபிள் இழுத்தவர். மொட்டை மாடிகளில் டிஷ் குடைகள் முளைத்தபின் அவரை யாரும் சீண்டவில்லை. வாடிக்கையாளர்கள் போன இடத்தில் இப்போது பக்தர்கள் வந்தார்கள். பாப்பாராவ் பேன்ட்டை மடித்து வைத்துவிட்டுப் பட்டு வேட்டி கட்டினார், கழுத்தில் மஞ்சள் துணியில், கையை உள்ளே விட்டு மாலை உருட்டும் ஒரு ஜபப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டார். மிச்சமிருந்த கேபிள் ஒயரைச் சாண் சாணாக வெட்டி, மந்திரித்து, மணிக்கட்டில் கட்டிவிட்டார். அதுவரை வீடுகளுக்கு இழுத்த ஒயரை நேராக மனிதர்களுக்கே இழுத்துவிட்டார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கறுப்புக் கயிறு கட்டிக்கொள்கிற கைக்குக் கறுப்பு ஒயர் என்ன கனமா?

இந்த மகிமை எதுவும் ராஜ்யலட்சுமிக்குத் தெரியாது. அவள் ஹைதராபாத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒரு கொரியா நாட்டு சீரியல் மாமியாருக்காகத் தெலுங்கில் அழுதுகொண்டிருந்தாள். அழுது முடித்து வெளியே வந்தபோது, அக்கா புருஷன் சேஷகிரியிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள் இருந்தன.

“ராஜ்யம், உங்கக்கா ஆபரேஷன் வேண்டாங்கறா.”

“ஏன் மாமா? திங்கக்கிழமை தேதி வாங்கியாச்சே.”

“அம்மவாரு வேண்டாம்னு சொல்லிட்டாளாம்.”

“எந்த அம்மவாரு?”

“நீதாம்மா,” என்றார்.

அக்கா மாணிக்யம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. இடது மார்பில் கட்டி. சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்டது. இன்னும் பரவவில்லை, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்று டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமையைப் பெறுவதற்கே மூன்று வாரம் நடக்கவேண்டியிருந்தது.

வஜ்ரமாலினியாக நடித்த பெண்ணுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் வாயசைத்தாள், குரல் ராஜ்யத்துடையது. அறுநூற்றுப் பன்னிரண்டு எபிசோடுக்கும் அவள்தான். பெயர் போடும்போது அவள் பெயர் வருகிற வேகத்தில் கொசுகூடப் படித்திருக்காது.

“என்ன சொன்னாளாம்?” என்று போனில் கேட்டாள் ராஜ்யம்.

“கத்தி உன்னைத் தீண்டாதுன்னு.”

வசனம் முழுதும் ராஜ்யத்துக்கு மனப்பாடம். ‘குழந்தாய், குழந்தாய், அஞ்சாதே. என் பக்தரின் உடலைக் கத்தி தீண்டாது.’ வீரசேனன் என்ற படைவீரன் போருக்குப் போகும்போது அம்மன் கொடுக்கும் வரம். ‘குழந்தாய்’ இரண்டு தடவை வருவதற்கு ஒரே காரணம், நடிகையின் உதடு ஒரு தடவை அதிகமாக அசைந்துவிட்டது. தெலுங்கு வசனம் அதற்குப் போதவில்லை. சவுண்ட் இன்ஜினியர், “இன்னொரு குழந்தாய் போடுங்க மேடம், நிரம்பிடும்” என்றார். போட்டாள். அதுவே பழக்கமாகி, அம்மன் எல்லாரையும் இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தாள். ராவிலங்காவில் அதற்கு ஒரு வியாக்கியானமே இருந்தது. முதல் குழந்தாய் உடம்புக்காம், இரண்டாவது ஆத்மாவுக்காம்.

அன்றைக்கே ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் இறங்கினாள்.

மாணிக்யம்மா புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டில் கறுப்பு ஒயர். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாடி. உன் மாமா காதுல ஊதிட்டாரா?”

“அக்கா, அந்த டி.வி.ல பேசறது நான்.”

“தெரியுமே.”

ராஜ்யம் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. “தெரியுமா?”

“சீரியல்ல பேசினது நீ. ஊரெல்லாம் நான்தானே சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். இப்ப பேசறது அம்மா.”

“அதே குரல்தானே அக்கா.”

“அதே குரல்தான். மூணு வருஷம் உன் குரலை வாங்கிப் பேசிப் பழகிட்டா. சீரியல் முடிஞ்சு நீ பாட்டுக்குப் போயிட்ட. அவ எங்க போவா? தானே பேச ஆரம்பிச்சுட்டா.”

“யாரோ என் குரலைப் பதிவு பண்ணி வச்சு ஏமாத்தறாங்கன்னு தோணலையா உனக்கு?”

“பிளக்கே இல்லைடி,” என்றாள் மாணிக்யம்மா, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “பிளக் இல்லாம எப்படி ஏமாத்துவாங்க?”

இருபத்தைந்து வருடம் அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள் மாணிக்யம்மா. கெட்டுப்போன பருப்பை மூட்டையைத் திறக்காமலே மோந்து திருப்பி அனுப்பியவள். அந்த மூக்கு அம்மன் விஷயத்தில் மட்டும் விடுப்பில் இருந்தது. ராஜ்யத்துக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவளுக்கு ஏதாவது ஆனால், அதற்குக் காரணமான வாய் தன்னுடையது என்பதை நினைக்கவே முடியவில்லை.

“நான் சொல்றேன், ஆபரேஷன் பண்ணிக்க.”

“நீ சின்னவ. உனக்கென்ன தெரியும்.”

ஒரே குரல்தான். பெட்டிக்குள்ளிருந்து வந்தால் வேதம், எதிரில் உட்கார்ந்து சொன்னால் சின்னவள்.

அன்று மாலை ராஜ்யமும் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். இடம் பாப்பாராவ் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகை. முந்நூறு பேர் இருப்பார்கள். முதல் வரிசையில் மீன்காரி நூகாலம்மா, மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஈரத் தலையோடு சம்மணமிட்டிருந்தாள். ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு தவறாதவள் என்று பெயர். ஆறரைக்குப் பாப்பாராவ் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வலது கை ஜபப் பைக்குள்.

ஒரு விவசாயி மகனுக்கு அமெரிக்க விசா கிடைக்குமா என்று கேட்டார். பெட்டி பேசியது.

“குழந்தாய், குழந்தாய், கடல் அரக்கன் உன் வழியை மறிக்கிறான். காத்திரு.”

“கடல்னு சொன்னா பாத்தியா,” என்று பின்னால் ஒருவர் உருகினார். “அமெரிக்காவுக்குக் கடல் தாண்டணும்கறது அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.”

மோட்டார் திருடுபோன ஒருத்திக்கு, திருடன் உன் நிழலிலேயே இருக்கிறான் என்று பதில் வந்தது. அவள் கொட்டகையிலிருந்து நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தாள். மோட்டார் பிறகு வாய்க்கால் சேற்றில் கிடைத்தது. கொழுந்தன் அவள் வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை.

ராஜ்யம் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எது எந்த வாரத்தில் பேசியது என்றுகூடச் சொல்ல முடிந்தது. ஒரு வசனம் அவளுக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்திருந்தபோது பேசியது, வார்த்தையெல்லாம் மூக்கடைத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம கஷ்டத்தைக் கேட்டு அம்மாவுக்குத் தொண்டை அடைக்குது பாருங்க.”

ராஜ்யம் ஜபப் பையைப் பார்த்தாள். ஜபமாலை உருட்டுகிற விரல் உருளவேண்டும். பைக்குள் பாப்பாராவின் கட்டைவிரல் தட்டியது. கேள்வி முடிந்ததும் இரண்டு தட்டு, உடனே அம்மன். இப்படித் தட்டுகிற விரல்களை ஸ்டூடியோவில் தினமும் பார்க்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

எழுந்து நின்றாள். “ஸ்வாமி, என் பேர் என்னன்னு அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க.”

பாப்பாராவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. கேள்வி அவரைத் திகைக்கவைக்கவில்லை, குரல்தான். மூன்று மாதமாகப் பைக்குள் வைத்திருந்த குரல் முப்பதடி தள்ளி நின்று பேசினால் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனாலும் தொழில் தெரிந்த மனுஷன்.

“அம்மாவைச் சோதிக்கக் கூடாதும்மா. பேரெல்லாம் நமக்குத்தான், அவளுக்கு எல்லாரும் குழந்தாய், குழந்தாய்.”

கூட்டம் “ஆமாம்” என்றது. யாரோ ராஜ்யத்தின் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மாணிக்யம்மா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை பேசவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்துப் பெசரட்டு தோசைக் கடையில் ராஜ்யம் உட்கார்ந்திருந்தபோது, எதிரில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். பேன்ட், சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர். முதலில் அடையாளம் தெரியவில்லை.

“மேடம், நான் உங்க பெரிய ரசிகன்,” என்றார் பாப்பாராவ். “மாணிக்யம்மா தங்கச்சின்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு உதவி வேணும்.”

“என்ன உதவி?”

“சரக்கு தீந்துபோச்சு மேடம். ஜனங்க விசா கேக்கறாங்க. சாஃப்ட்வேர் வேலை கேக்கறாங்க. இறால் பண்ணையில நோய் விழுந்துடுச்சு, என்ன மருந்து போடறதுன்னு கேக்கறாங்க. சீரியல்ல மொத்தமே நாலு அரக்கன்தான். நாலு அரக்கனை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் ஓட்டறது?” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “புதுசா ஒரு முப்பது வசனம் பேசிக் குடுங்க. ஆளுக்குப் பாதி.”

“எங்கக்காவுக்கு என்ன போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. கத்தி வைக்கலாமான்னு கேட்டாங்க. கத்தி வர்ற வசனம் அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

ராஜ்யம் அவரையே பார்த்தாள். இந்த ஆள் தன் அக்காவைக் கொல்ல நினைத்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

பாப்பாராவ் முன்னால் சாய்ந்தார். “கவலைப்படாதீங்க. ஆபரேஷன் செய்துகொள்னு இப்பவே ஒரு வசனம் சொல்லுங்க, போன்ல பிடிச்சுக்கறேன். நாளைக்கு அதைப் போட்டுடலாம். அக்கா திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

பெசரட்டு ஆறிப்போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. வாயைத் திறந்தால் போதும், அக்கா பிழைத்துவிடுவாள். ராஜ்யத்துக்கு அந்த நிமிஷம் சம்மதிக்கத்தான் தோன்றியது, அதை மறைப்பானேன். ஆனால் அந்த வரி அப்புறம் எங்கே போகும்? இவன் போனிலேயே இருக்கும். நாளைக்கு எந்த மருத்துவமனையாவது இவனுக்குக் கமிஷன் கொடுத்தால், அறுவைச் சிகிச்சையே தேவையில்லாத ஒருத்தியைப் பார்த்து அதே குரல் ‘ஆபரேஷன் செய்துகொள்’ என்று சொல்லும். வீரசேனனுக்குச் சொன்னது அக்காவுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

“யோசிச்சுச் சொல்றேன். நாளைக்கு வர்றேன்,” என்றாள்.

“முன் வரிசையிலயே இடம் போட்டுடறேன் மேடம்,” என்று பாப்பாராவ் அவளுடைய பெசரட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை முன் வரிசையில் ராஜ்யமும் மாணிக்யம்மாவும் சேஷகிரியும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நூகாலம்மா. மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்கவேண்டும். போவதா இல்லையா என்று அம்மனிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட மாணிக்யம்மா வந்திருந்தாள். தவறவிட்டால் இன்னொரு தேதிக்கு எத்தனை வாரம் ஆகுமோ, அதற்குள் கட்டி என்ன செய்யுமோ.

ராஜ்யம் நூகாலம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். “அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. அம்மவாரு எதிர்ல ஸ்வாமி ஒத்தைக் கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கறாரே, அது முறைதானா?”

நூகாலம்மா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதமாகக் கண்ணெதிரில் இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“முறையா? என்ன முறை?” என்றாள் உரக்க. “ஏன் ஸ்வாமி, அம்மா முன்னாடி ரெண்டு கையையும் கூப்பினா என்ன?”

“ஜபம் பண்றேம்மா,” என்றார் பாப்பாராவ்.

“ஜபத்தை வீட்ல போய்ப் பண்ணுங்க. போன மாசம் எம்.எல்.ஏ. வந்தப்ப ரெண்டு கையும் கூப்பி வளைஞ்சு நின்னீங்க. அம்மா அவரைவிடக் கம்மியா?”

கூட்டத்துக்கு இது சரியாகப் பட்டது. அம்மனைச் சோதிக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். அம்மனுக்கு மரியாதை கேட்டால் யார் மறுக்க முடியும்? “கையைக் கூப்புங்க ஸ்வாமி” என்று நாலாபக்கமும் குரல் எழுந்தது. பாப்பாராவ் பையோடு சேர்த்துக் கையைக் கூப்பிப் பார்த்தார். நூகாலம்மா விடவில்லை. எழுந்து போய்ப் பையை அவர் கழுத்திலிருந்து பக்தியோடு கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள். பாப்பாராவ் வெறும் இரண்டு கைகளையும் கூப்பி நின்றார். அவர் அவ்வளவு உருக்கமாக நின்று யாரும் பார்த்ததில்லை.

மாணிக்யம்மா எழுந்தாள். “தாயே, நாளைக்குத்தான் தேதி. போகட்டுமா, வேண்டாமா?”

பெட்டி பேசவில்லை.

“தாயே.”

கொட்டகை ஓலையில் காற்று சலசலத்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்கள், அதில் அவர்கள் முகம்தான் தெரிந்தது.

“அம்மா கோவிச்சுக்கிட்டா,” என்றார் பாப்பாராவ், கூப்பிய கையோடு.

நூகாலம்மா மடியைத் தடவினாள். “இதென்ன, ஜபமாலை இப்படிச் சப்பையா இருக்கு?” மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கிற கை அது, பைக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்தது. உள்ளே மாலை இல்லை. ஒரு மொபைல் போன் இருந்தது. திரையில் வரிசையாகப் பெயர்கள்: கடல், கல்யாணம், கத்தி, திருடன், பொறு.

“அதை எங்கக்கா கையில குடுங்க,” என்றாள் ராஜ்யம். “அக்கா, கத்தின்னு இருக்கறதை அமுக்கு.”

மாணிக்யம்மா அமுக்கினாள். பெட்டி உடனே பேசியது.

“குழந்தாய், குழந்தாய், அஞ்சாதே. என் பக்தரின் உடலைக் கத்தி தீண்டாது.”

இன்னொரு தடவை அமுக்கினாள். அம்மன் மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவையும் அலுக்காமல் சொன்னாள். சேஷகிரி எழுந்து போய்ப் பெட்டியின் முதுகைத் திறந்தார். சர்க்யூட் போர்டு இருக்கவேண்டிய இடத்தில், கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிற சைஸில் சார்ஜில் ஓடுகிற ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் நீல விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? ராஜ்யமும் அப்படித்தான் நினைத்தாள். நம்பிக்கை என்ன அவ்வளவு லேசில் விடுகிற வஸ்துவா?

“அம்மா எங்கும் இருப்பா,” என்றார் பாப்பாராவ். “போன்ல இருக்க மாட்டாளா?”

“அதுவும் சரிதான்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். பலர் தலையாட்டினார்கள்.

ராஜ்யத்துக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து அந்த வசனத்தைப் பேசினாள். “குழந்தாய், குழந்தாய், அஞ்சாதே.” போன் இல்லை, பெட்டி இல்லை, வெறும் வாய். “கேட்டீங்களா? இது என் குரல். சம்பளத்துக்குப் பேசினது.”

முந்நூறு பேரும் அவள் காலில் விழுந்தார்கள்.

“அம்மா இறங்கிட்டா,” என்று முதலில் சொன்னவர் பாப்பாராவ்தான். அந்த மனுஷனின் சுறுசுறுப்பை மெச்சத்தான் வேண்டும். எங்கிருந்தோ கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார்.

எல்லாரும் விழுந்ததுகூடப் பெரிதில்லை. மாணிக்யம்மா கை கூப்பி, கண்ணில் நீரோடு, தங்கையைப் பார்த்து, “நீயே சொல்லு தாயே. போகட்டுமா?” என்றாள். ராஜ்யத்தைத் தூக்கி வளர்த்தவள் ராஜ்யத்தையே கும்பிட்டாள். ‘போ’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா போய்விடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை இதே கொட்டகையில் பெட்டி இருந்த இடத்தில் ராஜ்யம் உட்கார்ந்திருப்பாள்.

அவள் உட்கார்ந்து அக்காவின் இரண்டு கையையும் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். “நான் ராஜ்யம், அக்கா. என்னைக் கும்பிடாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒரு எபிசோட் விடாம பாத்தவ நீ. இந்த வரத்தை அம்மா யாருக்குக் குடுத்தா?”

“வீரசேனனுக்கு.”

“அவன் என்ன ஆனான்?”

மாணிக்யம்மா யோசித்தாள். “செத்துட்டான்.”

“எப்ப?”

“மறுநாளே. அம்பு பட்டு. நான் மூணு நாள் சோறு திங்கல.”

“கத்தி தீண்டாதுன்னு அம்மா சொன்னாளே?”

“கத்தி தீண்டல, அம்புதான்...” மாணிக்யம்மா பாதியில் நிறுத்தினாள்.

“அந்த நடிகன் சம்பளம் கூடக் கேட்டான் அக்கா. வெள்ளிக்கிழமை வரம் எழுதினவங்களே சனிக்கிழமை அம்பு எழுதிட்டாங்க. அம்மாவுக்கு அடுத்த எபிசோட்ல என்ன வரும்னே தெரியாது. எனக்கும் தெரியாது. காகிதத்துல இருந்ததைப் பேசிட்டு வீட்டுக்குப் போனேன்.”

மாணிக்யம்மா பெட்டியைப் பார்த்தாள், அதன் முதுகில் மினுக்கிய நீல விளக்கைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். கெட்டுப்போன பருப்பை மோந்த முகம் மெல்லத் திரும்பி வந்தது.

“ஏன் பாப்பாராவ்,” என்றாள். ஸ்வாமி என்கிற சொல் காணாமல் போயிருந்தது. “எனக்கு அம்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

பாப்பாராவிடம் அதற்கு வசனம் இல்லை. போனும் அவர் கையில் இல்லை.

மாணிக்யம்மா மணிக்கட்டு ஒயரை அவிழ்க்கப் பார்த்தாள். இருபது வருடம் கம்பத்தில் கட்டிய கை போட்ட முடிச்சு, அவிழவில்லை. “நூகாலம்மா, உன் கத்தியைக் கொண்டா,” என்றாள்.

நூகாலம்மா வாசலுக்குப் போய்க் கூடையிலிருந்து மீன் கத்தியை எடுத்து வந்து ஒரே இழுப்பில் அறுத்தாள். பிறகு தன் கையிலிருந்ததையும் அறுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கத்திக்கு வரிசை நின்றது.

பாப்பாராவைப் போலீஸ் அழைத்துப் போனது. பாதிப் பேர் கொடுத்த தேங்காயைத் திருப்பிக் கேட்டார்கள். மீதிப் பேர் ராஜ்யத்தின் போன் நம்பரைக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. நாலு மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜ்யத்துக்கு வேண்டிக்கொள்ள ஆள் இல்லாததுபோல் இருந்தது. டாக்டர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முழுசாக எடுத்தாயிற்று என்று சொன்னபோது அவள் சேஷகிரியின் தோளில் சாய்ந்து, எந்த நாட்டு மாமியாருக்காகவும் இல்லாமல், தனக்காகவே அழுதாள்.

நாலாம் நாள், பார்வை நேரத்தில், கையில் ஒரு பெரிய மாலையோடு ராவிலங்காவிலிருந்து ஒரு ஆள் வார்டுக்குள் வந்தார். கட்டு போட்டுப் படுத்திருந்த மாணிக்யம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராஜ்யத்தின் முன் பவ்யமாக நின்றார்.

“அம்மா, நான் அன்னிக்குக் கொட்டகையில இருந்தேன். எல்லாம் மோசடின்னு எனக்கும் தெரியும். ஆனா பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் பீமவரத்துல இறால் வியாபாரம். முடிச்சுடலாமா வேண்டாமான்னு ஒரே ஒரு வார்த்தை, அந்தக் குரல்ல சொல்லிட்டீங்கன்னா போதும்.”

ராஜ்யம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படுக்கையிலிருந்து மாணிக்யம்மா கேட்டாள்.

“பொண்ணுக்கு என்ன வயசு?”

“இருபத்தி நாலும்மா. பாங்க்ல வேலை பாக்கறா.”

“ஜோசியரைக் கேட்டியா?”

“மூணு பேரைக் கேட்டேன்.”

“டி.வி.யைக் கேட்டியா?”

“ரெண்டு தடவை கேட்டேன்.”

“இப்ப என் தங்கச்சியைக் கேக்க வந்திருக்க. பொண்ணைக் கேட்டியா?”

அந்த ஆள் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அதை யோசிக்கவே இல்லையேம்மா.”

“யோசி,” என்றாள் மாணிக்யம்மா. “அதுக்குத் தேங்காய் வேண்டாம்.”